ஜன்னலோரச் செம்பருத்தி

கைவைத்தியர் என்றொரு இனம் உண்டு. வாசலில் பலகை கிடையாது, கையில் பெட்டி கிடையாது. ஆனால் நீங்கள் ஒரு தும்மல் போட்டுவிட்டால் போதும், எங்கிருந்தோ வந்து எதிரில் நிற்பார். "இன்னா, சளியா?" என்பார். இல்லை என்று சொல்லித்தான் பாருங்களேன், விடுவாரா?

காக்களூர் போல்ட்டுப் பட்டறை மேஸ்திரி பரசுராமன் இந்த இனத்தில் முற்றிய ரகம். இருமலுக்கு ஆடாதோடை, சளிக்குத் தூதுவளை, ஒன்றுமே இல்லாதவனுக்கு இனியும் ஒன்றும் வராமலிருக்க நிலவேம்பு என்று ஊருக்கெல்லாம் கொடுத்ததுபோக, மிச்சம் முழுக்க மகள் ரத்னாவின் தொண்டையில்தான் இறங்க வேண்டும். காபி என்பது அந்த வீட்டில் கெட்ட வார்த்தை. அவளும் எத்தனை நாள்தான் குடிப்பாள்? அப்பா முதுகைத் திருப்பியதும் டம்ளரை ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திக்குக் கவிழ்த்துவிடுவாள். கல்யாணத்தில் அவள் ஆசைப்பட்டது நகையோ பட்டோ இல்லை. காலையில் ஒரு வாய் காபி கிடைக்கிற வீடு.

கடம்பத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெல்பாட்டம் போட்ட மாப்பிள்ளை சேகர் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பையன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று ரத்னா நினைத்து முடிப்பதற்குள், பரசுராமன் அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டார்.

"நாக்கை நீட்டுப்பா. வெள்ளையா படிஞ்சிகினு கீது பாரு. பித்தம்! ரத்னா, நிலவேம்பு எடுத்துகினு வா."

"நைனா, வந்தவங்களுக்கா?" ரத்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, இந்தச் சம்பந்தமும் போச்சு.

மாப்பிள்ளையின் அப்பா அருணாச்சலம் முகம் சிவக்க எழுந்தார்.

"இன்னாய்யா இது? பித்தத்துக்குப் போயி நிலவேம்பா? எங்க ஊட்ல டெய்லி இஞ்சிச் சாறுதான். காபித்தூளை உள்ள நுழைய உட்டதில்ல!"

"அடடே, சம்பந்தி!" என்று பரசுராமன் அவரைக் கட்டிக்கொண்டார். இஞ்சியைத் தோல் சீவி இடிப்பதா, சீவாமல் இடிப்பதா என்று இருவரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். பெண்ணையும் மறந்தார்கள், பிள்ளையையும் மறந்தார்கள்.

ரத்னா உள்ளே போய் நிலவேம்பை டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தாள். நிலவேம்பிலிருந்து தப்பி இஞ்சிச் சாற்றிலா போய் விழ வேண்டும்? வேண்டாம் என்று சொல்லிவிடத் தீர்மானித்துக்கொண்டுதான் சேகரிடம் டம்ளரை நீட்டினாள்.

அவன் வாங்கினான். இரண்டு அப்பாக்களையும் ஓரக்கண்ணால் பார்த்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் டம்ளரை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தான். ஒரு சொட்டு உள்ளே சிந்தவில்லை. பழகின கை!

"நல்லா இருந்திச்சி மாமா" என்று வாயைத் துடைத்துக்கொண்டு, ரத்னாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எங்கூரு ஸ்டேஷனாண்ட காபி ஃபஸ்ட் கிளாஸா இருக்கும்" என்றான்.

"இன்னாம்மா, சம்ம..." என்று அருணாச்சலம் கேட்டு முடிப்பதற்குள் ரத்னா தலையாட்டிவிட்டாள்.

அதிருக்கட்டும். நிலவேம்போடு ரெண்டு மிளகு தட்டிப் போட்டிருக்கலாமே என்று இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், எழுந்துபோய் உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கேயும் ஒரு செடி கஷாயம் குடித்துக்கொண்டிருக்கும்.