பெங்களூர் ஜெபக்கூட்டம்

"நாலு பேருமா பிரசங்கம் பண்ணுவாங்க?" என்று ராஜமேரி கேட்டாள்.

மரியசூசை ஆம்ப்ளிஃபயரின் பின்மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல அது வசதியான இடம்.

"ஒருத்தர்தான் பேசுவாரு. மத்தவங்க இசை."

"எந்த ஊருக்காரங்க?"

"வெளிநாட்டுக்காரங்க. எல்லாம் இங்கிலீசுதான்."

"அதுக்கு எதுக்குங்க ஸ்டேடியம்?"

"கூட்டம் வரும்ல."

எல்லாப் பதிலும் உண்மை. ஜெபக்கூட்டம் என்று முதலில் சொன்ன ஒரு சொல்தான் பொய். அந்த ஒரு சொல்லை இப்போது எப்படி இறக்கி வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

காரிமங்கலத்தில் அவன் மைக் செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவனுடைய இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள்தான் போகும். செட்டைச் சோதிக்க ஒரு இங்கிலீஷ் கேசட் போடுவான். சிநேகிதன் ஒருவன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது. அந்த நேரங்களில் மகள் ஜெசிந்தா ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். பத்து வயது. கண்கள் எங்கோ போய்விடும். கேசட் அட்டையில் ஒரு முடிக்காரன் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். ராஜமேரி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு அட்டை, கேசட் இரண்டின் மேலும் தீர்த்தம் தெளித்தாள். ஒரு வாரம் அது பாடவில்லை.

அந்தக் கேசட்டில் பாடிய குழுவேதான் பெங்களூருக்கு வருகிறது.

"பக்கத்துல நின்னா டிரம் சத்தம் வயித்துல கேக்குமாமேப்பா?" என்று ஜெசிந்தா கேட்டிருந்தாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அடம் பிடித்திருந்தால் அவன் மறுத்திருப்பான்.

இரண்டு டிக்கெட்டுகள் குழாய் ஸ்பீக்கருக்குள் ஒளிந்திருந்தன.

"வெளிநாட்டு ஜெபக்கூட்டத்துல நொண்டி நடக்குதாம், குருடு பாக்குதாம்" என்றாள் ராஜமேரி. "செபாஸ்டின் அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க."

திருப்புளி நழுவியது.

செபாஸ்டின் அவளுடைய மூத்த அண்ணன். கோயில் உபதேசியார். சினிமாப் பாட்டு கேட்டால் தெருவையே மாற்றிப் போனவர். ஆர்மோனியம் வாசிப்பார். பாடற்குழுவில் யார் சுதி விலகினாலும் வாசித்துக்கொண்டே அந்த ஆளை நிமிர்ந்து பார்ப்பார். ஜெசிந்தாவுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நான்கு வருஷத்துக்கு முன்பு தேர்பவனியில் அவர் காதருகே ஒரு அதிர்வேட்டு வெடித்தது. அன்றோடு காது போனது. ஆர்மோனியத்தை மூடி வைத்தார். அதற்கு முன்பு ஊரின் சண்டை எல்லாம் அவர் வாசலுக்குத்தான் வரும். காது போன பிறகு யாரும் வருவதில்லை. அவர் முகத்தில் பெரிய சாந்தம் வந்து உட்கார்ந்திருந்தது.

"அங்க ராத்திரி வரைக்கும் நிக்கணும் புள்ள. மச்சானுக்கு முட்டி வலி."

"முக்காலி எடுத்துட்டுப் போங்க."

"உபவாசம் இருக்கணுமாம். அவரால ஆவாது."

"அண்ணன் நாப்பது நாளு இருந்தவரு. நீங்களும் பாப்பாவும்கூட இருங்க. துணைக்கு."

வழிக்கான கட்டிச்சோறும் போனது. மரியசூசை கடைசியாக ஒரு கல்லை எறிந்தான். "எல்லாரும் வெள்ளை உடுப்புலதான் வரணுமாம். புள்ளைக்கு வெள்ளையில ஒண்ணும் இல்லியே."

ராஜமேரி சிரித்தாள். பெட்டியைத் திறந்து, ஜெசிந்தா கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய அன்று போட்ட புதுநன்மை உடுப்பை எடுத்தாள். தரைவரை தொங்கும் கவுன், தலைக்கு முக்காடு, கைக்கு ஒரு பெரிய மெழுகுவத்தி.

பிறகு அண்ணன் வீட்டுக்குப் போய் அவர் காதில் வாய் வைத்துக் கத்தினாள். "பெங்களூரு! சொகமாக்குற கூட்டம்! காது திரும்பி வந்துரும்ணா!"

உபதேசியார் முகத்தில் இருந்த சாந்தம் முதல்முறையாக லேசாக ஆடியது.

*

கிருஷ்ணகிரி தாண்டியதும் பேருந்துக்குள் காற்று குளிர்ந்தது. பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மூன்று வெள்ளை உடுப்புகளும் ஒரே இருக்கையில் இருந்தன. உபதேசியார் ஜன்னலோரம் ஜெபமாலை உருட்டினார். காலடியில் முக்காலி.

"மாமாவுக்குத் தெரிஞ்சுட்டா என்னப்பா பண்றது?" என்று ஜெசிந்தா கிசுகிசுத்தாள்.

"சத்தமாவே பேசு கண்ணு. காதுல வேட்டு வெச்சாலே கேக்காது. வேட்டு வெச்சுத்தானே போச்சு."

"அங்க ஆடுவாங்களேப்பா."

"ஆவி எறங்கிருச்சுன்னு சைகை காட்டிக்கலாம்."

உபதேசியார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மணிகள் நகர்ந்தன.

ஓசூரில் வண்டி நின்றபோது போண்டா வாசனை வந்தது. ஜெசிந்தா அப்பாவைப் பார்த்தாள். அப்பா உபதேசியாரைப் பார்த்தான்.

"மச்சான் கண்ணு மூடட்டும். வாங்கித் தரேன்."

சொல்லி வாய் மூடவில்லை, உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். குறட்டைகூட வந்தது. இருவரும் அவசரமாகத் தின்றார்கள். மீதியைப் பொட்டலமாகக் கட்டி முக்காலிக்கு அடியில் வைத்தான். பெங்களூரில் இறங்கும்போது பார்த்தால் காகிதம் மட்டும் இருந்தது. தூக்கத்தில் தானேதான் தின்றிருக்க வேண்டும் என்று மரியசூசை நினைத்துக்கொண்டான்.

ஸ்டேடியத்துக்குப் போகும் வழியில் ஒரு தேவாலயம் தெரிந்தது. மரியசூசைக்கு உயிர் வந்தது. மூவரும் உள்ளே போனார்கள். உபதேசியாரிடம் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினான். கைகூப்பிக் காட்டினான். பிறகு மகள் பக்கம் திரும்பி, முகத்தில் பக்தி மாறாமல் சொன்னான்.

"இவரு இங்கயே கெடக்கட்டும். நாம பின்வாசல்ல போயிடலாம். திரும்பி வந்து கூட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லிக்கலாம்."

உபதேசியார் முழங்காலிட்டார். சிலுவை போட்டார். இருவரும் சத்தமில்லாமல் பின்வாசலை அடைந்தபோது, அவர் அங்கே முக்காலியோடு நின்றுகொண்டிருந்தார்.

"மாமா எப்படிப்பா முன்னாடியே வந்தாரு?"

"காது போனவங்களுக்கு மத்த புலனெல்லாம் கூர்மை" என்றான் மரியசூசை. நொந்துபோயிருந்தான்.

மூவரும் ஸ்டேடியம் வரை வந்துவிட்டார்கள். டிக்கெட் இரண்டுதான் இருந்தது. மகளை மட்டும் தனியே அனுப்ப முடியாது. உபதேசியாரைத் தெருவில் விட்டுவிட்டும் போக முடியாது. திரும்பிவிடலாம் என்று நினைத்தான். ஜெசிந்தா மெழுகுவத்தியை மார்போடு பிடித்துக்கொண்டு, மதிலுக்கு மேலே தெரிந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ ஒருமுறை டிரம்மைத் தட்டிப் பார்த்தார்கள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

அவன் வரிசையில் நின்றான்.

வாசல்காரன் முதலில் முக்காட்டைப் பார்த்தான். பிறகு உபதேசியாரின் வெள்ளை ஜிப்பாவையும் ஜெபமாலையையும் பார்த்தான். கையிலிருந்த பீடியைக் கீழே போட்டான்.

"ஃபாதரா? ஹோகி, ஹோகி" என்று மூவரையும் உள்ளே கைகாட்டி அனுப்பினான்.

உள்ளே ஜீன்ஸும் நீள முடியுமாக ஒரு கடல். அது அவர்களுக்காக விலகியது. யாரோ ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். யாரும் தள்ளவில்லை. விலகிய இடத்திலேயே நடந்து, நடந்து, மேடைக்கு எதிரிலேயே போய்ச் சேர்ந்தார்கள். மரியசூசை தலையைத் தூக்கினான். ஸ்பீக்கர்கள் கோயில் கோபுர உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தன் இரண்டு குழாய்களையும் நினைத்துக்கொண்டான். அவை பாவம், இந்நேரம் வீட்டில் சாக்குக்கு அடியில் தூங்கும்.

வானம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. புகை எழுந்து அதோடு கலந்தது. முதல் அடி விழுந்தபோது அது காதுக்கு வரவில்லை. புல்லுக்கு வந்தது, பாதத்துக்கு வந்தது, பிறகு வயிற்றுக்குள் போய் யாரோ கதவு திறந்தது போல நின்றது.

ஜெசிந்தா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். தலையாட்டினாள். அவனும் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு ஸ்டேடியம் தரையில் இருந்ததாகத் தெரியவில்லை. விளக்குகள் நீலமாக வந்து முகங்களைக் கழுவிவிட்டுப் போயின. விட்டில்கள் ஒளிக்குள் பொடிப்பொடியாகப் பறந்தன. முன்னால் ஒருவன் அழுதுகொண்டே கைகளைத் தூக்கினான். இன்னொருத்தி கண்மூடி ஆடினாள். ராஜமேரி பார்த்தால் ஜெபக்கூட்டம் என்றே நம்புவாள் என்று மரியசூசைக்குத் தோன்றியது. பொய் கொஞ்சம் இலேசானது.

இரண்டாவது பாட்டு முடிந்த இடைவெளியில் ஜெசிந்தா அவன் கையை இழுத்தாள்.

"அப்பா, அந்தக் கிட்டாருல ஒரு கம்பி சுதி எறங்கியிருக்கு."

"சும்மா இரு பாப்பா. கடல் தாண்டி வந்தவன் சுதி சேக்காமலா வருவான்?"

"நெசமாப்பா."

"உனக்குப் பசி. அதான் காது அடைக்குது."

பக்கத்தில் உபதேசியார் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது பெருவிரல் மட்டும் செருப்புக்குள் தாளம் போட்டது.

"மாமா கால் ஆடுதுப்பா."

"தரை அதிருதில்ல. அதுல தானா ஆடும்."

கடைசிப் பாட்டில் பாடகன் ஏதோ சொன்னான். மைதானம் முழுக்க சிகரெட் லைட்டர்கள் எரிந்தன. நட்சத்திரங்கள் கீழே இறங்கி, கைகளில் நின்று அசைந்தன. ஜெசிந்தாவிடம் லைட்டர் இல்லை. அவள் மெழுகுவத்தியைப் பார்த்தாள். அதற்குள் உபதேசியார் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசியிருந்தார். அத்தனை சிறு சுடர்களுக்கு நடுவே ஒரு பெரிய சுடர், வெள்ளை முக்காட்டுக்குப் பக்கத்தில், ஆடாமல் எரிந்தது. மேடையில் இருந்த முடிக்காரன் அதைப் பார்த்தான். நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்தான்.

*

மறுநாள் காலை காரிமங்கலம் பேருந்து நிறுத்தத்தில் ராஜமேரி காத்திருந்தாள். அவளும் உபவாசம் இருந்திருந்தாள், முகம் வாடியிருந்தது. மரியசூசைக்கு உறக்கம் தெளிந்தது.

"நல்லாருந்துதா பாப்பா?"

"வயித்துல கேட்டுதும்மா" என்றாள் ஜெசிந்தா.

"ஆண்டவரே" என்றாள் ராஜமேரி. அண்ணன் பக்கம் திரும்பி, ஊரே கேட்கக் கத்தினாள். "கேக்குதாண்ணா? இப்பக் கேக்குதா?"

உபதேசியார் காதில் கையைக் குவித்து வைத்தார். தங்கையின் வாயையே பார்த்தார். பிறகு வருத்தமாகத் தலையை இருபக்கமும் ஆட்டினார்.

மரியசூசை விட்ட மூச்சு அவனுக்கே கேட்டது.

"விசுவாசம் பத்தல" என்று ராஜமேரி கணவனை முறைத்தாள். "அண்ணனுக்கு இல்ல. உங்களுக்கு."

முக்காலியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து முன்னால் நடந்தாள். கவுனின் ஓரம் பெங்களூர்ப் புல் கறையோடு புழுதியில் மிதந்து போனது. அவர்கள் தெரு திரும்பும் வரை உபதேசியார் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மரியசூசையின் தோளில் கை போட்டு, மெல்லச் சொன்னார்.

"பாப்பா சொன்னதுதான் சரி மாப்ளே. ரெண்டாவது பாட்டுல ஒரு கம்பி சுதி எறங்கித்தான் இருந்துச்சு."