பதினாலு கோல் விசாரணை

எங்கள் கால்பந்துச் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி ஐம்பது நிமிடத்துக்கு முறைப்படி காலமானது. பதினாலுக்குப் பூஜ்யம். விசில் ஊதியதும் தலைவர் ராஜினாமா செய்தார், செயலாளர் ராஜினாமா செய்தார், பந்தை எடுத்துக்கொண்டு போனவர் இன்றுவரை திரும்பவில்லை. மிச்சமானது வெறும் மைதானமும் ஒரு பட்டப்பெயரும்தான். கோல் காத்த முடிதிருத்துகிறவருக்குப் 'பதினாலு' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரம்மாவே ஒருநாள் வாய்தவறி, "பதினாலு, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார்களாம்.

ஆறு மாதம் பொறுத்துவிட்டு, பதினாலு தன் முடிதிருத்தும் கடையில் வைத்து என்னிடம் கேட்டார்.

"பெரியவரே, சங்கத்தை மறுபடி ஆரம்பிங்க. ஒரே ஒரு பந்தைப் பிடிச்சிட்டாப் போதும், இந்தப் பேரு ஒழிஞ்சிடும்."

என் தலை அப்போது பாதி வெட்டிய நிலையில் அவர் கையில் இருந்தது. சம்மதித்தேன்.

ஒரே வாரத்தில் ஆள் சேர்ந்துவிட்டது. தலைவர், துணைத் தலைவர், துணைத் தலைவருக்குத் துணை (அது நான்), மூலைக்கொடிப் பொறுப்பாளர் என்று மொத்தம் இருபத்தொரு நிர்வாகிகள். ஆட்டக்காரர் என்று பார்த்தால் பதினாலு ஒருவர்தான்.

"ஆட்டக்காரங்க எப்ப வேணா கிடைப்பாங்க. நல்ல நிர்வாகி கிடைக்கிறதுதான் கஷ்டம்" என்றார் தலைவர்.

விளையாட்டு அலுவலகத்தில் அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"பத்தொன்பதாம் பத்தியை நிரப்பலையே. முந்தைய சங்கம் சரிந்ததன் காரணம் கண்டறியப்பட்டு, அக்காரணம் முற்றிலும் அகற்றப்பட்டதற்குச் சான்று வேணும்."

விசாரணைக் குழு அமைத்தோம். பதினோரு அமர்வு, நாற்பது பக்க அறிக்கை. சாரம் இதுதான்: 'சங்கத்தைச் சாய்த்த பதினாலு பந்துகளும், ஒன்றுகூடத் தவறாமல், கோல் கம்பங்களுக்கு இடையேதான் நுழைந்துள்ளன. கம்பத்துக்கு வெளியே போன பந்துகளால் எவ்விதச் சேதமும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.'

இருபத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் பக்கத்துக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி அலுவலகம் போனோம்.

"இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறுவீங்கல்ல?" என்றார் அதிகாரி.

"மாறுவோம் சார்."

"அப்ப காரணம் அந்தப் பக்கம் அப்படியே நிக்குதே!"

நல்லவேளை, கூடவே வந்திருந்த தலைவருடைய மருமகப்பிள்ளைதான் சங்கத்துக்கு ஆலோசகர். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்த்துவைத்தார்.

"கோல் கம்பமே பழைய மனோபாவம் மாமா. ஜெயிக்கிறது தோக்கிறதெல்லாம் இப்ப யாரு பாக்குறா? லோகோவைத்தான் பாக்குறாங்க."

அந்தப் பக்கமும் பிடுங்கப்பட்டது. அதிகாரி நேரில் வந்து, கம்பம் இல்லாத இடத்தின் அகலத்தை நாடா வைத்து அளந்து, திருப்தியுற்று, சான்றிதழ் வழங்கினார்.

திறப்பு விழாவில் பதினெட்டுப் பேர் பேசினார்கள். லோகோவில் ஒரு சிங்கம் பந்தைத் தின்றுகொண்டிருந்தது. பதினாலு புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கம்பம் எங்க? நான் எங்க நிக்கிறது?"

"எங்க வேணா நில்லுங்க. இனிமே உங்களுக்கு எதிரா எவனாலயும் கோல் அடிக்க முடியாது. எல்லாம் உங்களுக்காகத்தான் செஞ்சோம்" என்றார் தலைவர்.

"பிடிக்கவும் முடியாதே தலைவரே!"

பதினாலு விறுவிறுவென்று போய், தன் கடையிலிருந்த இரண்டு நாற்காலிகளையும் கைவண்டியில் ஏற்றிவந்து, கம்பம் இருந்த இடத்தில் வைத்து, நடுவில் குனிந்து நின்றார்.

"யாராவது ஒருத்தர் அடிங்கய்யா!"

தலைவருக்கு வேட்டி புதுசு. ஆலோசகருக்கு ஷூ புதுசு. எல்லாருமாகச் சேர்ந்து என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். எழுபத்து நாலு வயசு முழங்காலோடு ஒரு உதை விட்டேன். பந்து கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே உருண்டது. அதற்குள் பதினாலு இடப்பக்கமாகப் பாய்ந்துவிட்டார். பாய்ச்சல் என்றால் அதுதான் பாய்ச்சல், கண்கொள்ளாக் காட்சி! பந்து வலப்பக்கமாக வந்து, நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாகக் கோட்டைத் தாண்டி உட்கார்ந்தது.

"பதினஞ்சு!" என்று மைதானமே கத்தியது. முதலில் கத்தியது யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

விதிப்படி மீண்டும் விசாரணைக் குழு. அனுபவம் கருதி இம்முறை என்னையே குழுத் தலைவராக்கினார்கள். குற்றம் நாற்காலிகள் மேல் ஐயமின்றி நிரூபணமானது. அவற்றைப் பறிமுதல் செய்து, அலுவலகக் கிடங்கில் வைத்து முத்திரையிட்டுவிட்டார்கள்.

போன வாரம் முடி வெட்டப் போனேன். கழுத்தில் துணியோடு அதிகாரி நின்றுகொண்டிருந்தார். அடுத்து தலைவர் நின்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்து நானும் நின்றேன். முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் எப்படி முணுமுணுப்பது?

"ஆடாம நில்லுங்க பெரியவரே" என்றார் பதினஞ்சு, சவரக்கத்தியை என் காதுக்குக் கீழே வைத்துக்கொண்டு. "அடுத்த ஆட்டம் எப்ப?"

"சீக்கிரம்" என்றேன், ஆடாமல்.