பிள்ளையார் காவல் நின்ற கோல் கம்பம்

ரெய்னர்ஸ் லேன்,
திங்கட்கிழமை.

தென் லண்டன் மிச்சம் பகுதியில் கடை நடத்தும் என் தம்பி சிவானந்தனுக்கு,

அக்கா கனகாம்பிகை எழுதிக்கொள்வது. பிள்ளையார் கிருபையால் நான் சுகம். நீயும் தவநாயகியும் சுகமாயிருக்கவேணும். போனில் சொன்னால் பேத்தி பிரசாந்தினி கேட்டுவிடுவாள், அதனால்தான் கடிதம். நேற்றிலிருந்து அவள் என்னோடு கதைக்கிறாள் இல்லை.

எல்லாம் அந்த ஐரிஷ்காரரின் பந்தால் வந்த வினை, கேலிக் ஃபுட்போலாம். கையால் பிடிக்கிறார்கள், காலால் உதைக்கிறார்கள், நாலடி ஓடிப் பந்தை நிலத்தில் குத்துகிறார்கள். கோலுக்குள்ளே போனால் மூன்று புள்ளி, மேலாலே போனால் ஒன்று. குறி தப்பினவனுக்கும் கூலி. ரோட்டைக் கிண்ட வந்தவர்கள் அந்தக் காலத்தில் தொடங்கின கிளப்பாம், சுவர் முழுக்கச் செத்தவர்களின் படம். லண்டனும் அயர்லாந்துக்காரரின் ஒரு கவுண்டி, அதுதான் மாவட்டம், என்று கணக்காம், அதற்கொரு சாம்பியன்ஷிப்பாம். கொடியை யார் தூக்குவது என்று அடிபட்டு நடுவில் இரண்டு கிளப்பாகப் பிரிந்தார்களாம். நேற்று இறுதி ஆட்டம் அந்த இரண்டுக்கும்தான். எங்கள் ஊர்க் கோயில் பிரிந்த கதையேதான், தேர் மட்டும் இல்லை.

பிரசாந்தினி பெண்கள் அணிக்குக் கப்டன். "அம்மம்மா, எங்கட ரீம் ஒருக்காலும் கப் எடுக்கேல்லை. அடுத்த வருசம் நான் யூனிவர்சிற்றிக்குப் போயிடுவன்" என்று அழாக்குறை. மனம் கேட்குமா? நீ அனுப்பின தேங்காயைப் பிள்ளையாரை நினைத்து எங்கள் கோல் கம்பத்தடியில் உடைத்து வைத்தேன். கிளப்புத் தலைவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். முதல் பாதியில் எதிராளிகள் அடித்த ஒன்றும் உள்ளே போகவில்லை. எங்கள் பிள்ளைகள் மற்றப் பக்கம் அடித்ததெல்லாம் போனது. உன் கடைக்கு வருகிற கிளறிற்றாவின் பேத்தி எதிர்க் கிளப். "பிள்ளையை நேரத்தோட வீட்டை கூட்டிக்கொண்டு போம்" என்று அவளுக்குச் சொன்னேன்.

இடைவேளை முடிய, என்னை ஒரு சொல் கேளாமல் இரண்டு அணியும் பக்கம் மாறி நின்றன. அஞ்சாம் வகுப்புப் படித்த எனக்கே தெரியும், குடிபுகுந்த வீட்டில் கடைசிவரை இருக்கவேணும் என்று.

"கனகாம்பிகை அக்கா, உங்கட பிள்ளையார் இப்ப எங்கட பக்கம்" என்றாள் கிளறிற்றா.

எதிர்க் கிளப் பெட்டைகள் அடித்து அடித்துச் சமன் ஆக்கிவிட்டார்கள். என் பேத்தி அடிக்கிற பந்தெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. பொறுக்கமுடியாமல் உள்ளே ஓடித் தேங்காயைத் தூக்கினேன். தூக்கின கையோடு இவளின் பந்து கோலுக்குள் போனது, பார். ஆனால் அந்த நடுவன் என்னைக் கண்டு முதலே விசில் ஊதிவிட்டானாம், கோல் செல்லாதாம். ஆட்டம் சமனில் முடிந்தது. கிழவி ஒருத்திக்கு விசில் ஊதுகிற விளையாட்டும் ஒரு விளையாட்டா?

இனி அந்தத் திடல் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். பாதியில் பக்கம் மாறுகிறவர்களோடு எனக்கென்ன சகவாசம்.

தவநாயகியை முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லு. உன் பிள்ளைகள் நீடூழி வாழ என் ஆசீர்வாதம்.

அக்கா,
கனகாம்பிகை

பி.கு.: சமன் வந்தால் திரும்ப விளையாடவேணுமாம், வருகிற ஞாயிறு. இப்போதுதான் இவள் வாய் திறந்தாள்: "அம்மம்மா, வாறதெண்டா ரெண்டு தேங்காயோட வாங்கோ. ஒண்டை இடைவேளைக்கு வையுங்கோ." முற்றின காயாகப் பார்த்து அனுப்பு. கிளறிற்றா வந்து கேட்டால், தேங்காய் முடிந்துவிட்டது என்று சொல்லு.