திரும்பிவந்த மடல்களுக்குக் கழிப்பு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் மண்ணூர்பேட்டை ஜெராக்ஸ் கடையின் மாடிப்படி நிறைந்துவிடும். பிந்தி வருவோர் கடைக்கு முன்னால் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் வரிசை என்றால் என்னவென்றே அறியாத நம் மக்கள், ஏமாறுவதற்கு மட்டும் ஒருவர் பின் ஒருவராக நிற்கக் கற்றிருக்கிறார்கள்.

மாடியில் வீற்றிருப்பவர் மின்மடல் சித்தர் தினகரானந்தர். சென்ற ஆண்டுவரை பூந்தமல்லியில் கைபேசி பழுது பார்த்த தினகரன். கடை மூடியது, தாடி வளர்ந்தது, ஞானம் பிறந்தது.

அவர் தீர்க்கும் நோய் இது. ஒருவர் தம் மின்னஞ்சலைத் திறக்கிறார். 'நீங்கள் அனுப்பிய மடலைச் சேர்க்க இயலவில்லை' என்று பத்து அறிவிப்புகள் கிடக்கின்றன. அவரோ எதையும் அனுப்பவில்லை. சற்று நேரத்தில் நண்பர் தொலைபேசியில் வைகிறார்: "நீ அனுப்பின ஃபைலைத் திறந்தேன், கம்ப்யூட்டரே படுத்துடுச்சு." அனுப்பாத மடலை அனுப்பியது யார்? ஆவி என்கிறார் சித்தர்.

"செத்துப்போனவங்க விலாசத்துக்கும் மெயில் போயிருக்கு பாரு. உசுரோட கீறவன் செய்யிற வேலையா அது?"

கேட்டவர்கள் சிலிர்த்தார்கள். தம் முகவரிப் பட்டியலில் இறந்தவர்களின் பெயரை நீக்காமல் வைத்திருப்பது தாமே என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆவியை விரட்டச் சித்தர் செய்யும் கழிப்பின் முறை எளிது. கோயில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்கிறோம் அல்லவா? இங்கே வெற்றிலையில் பெயர், நட்சத்திரம், மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் ஆகிய நான்கையும் எழுதி, காணிக்கையுடன் தரவேண்டும். சித்தர் இலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரைக்குப் பின்னால் செல்வார். கலயத்தில் இட்டு, சிவப்புத் துணி கட்டி, அரக்கு முத்திரையுடன் கொண்டுவருவார். பதினொரு நாள்வரை கடவுச்சொல்லை மாற்றக் கூடாது. மாற்றினால் ஆவி வழிதவறிச் சினங்கொள்ளுமாம்.

பெற்ற பிள்ளைக்கும் வங்கி அட்டையின் ரகசிய எண்ணைச் சொல்லாதவர்கள், இங்கே முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்கள். மேனாம்பேட்டு அடுக்ககத்தில் வசிக்கும் விஷ்ணு, மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குபவன், இரண்டு இலைகள் எழுதினான்: ஒன்று தனக்கு, ஒன்று மனைவிக்கு. "சயின்ஸே எனர்ஜின்னுதானே சொல்லுது" என்று வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கமும் அளித்தான். இந்த அறிவைப் பெற அவனுக்குக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஆயின.

அந்த வரிசையில் சித்ராவும் நின்றாள். மண்ணூர்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் சிறு பட்டறை அவளுடையது. எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களின் சோறு ஒரே ஒரு தொழிற்சாலையைச் சார்ந்தது. அதன் கொள்முதல் அதிகாரி ராகேஷ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "உங்க பேர்ல இன்னொரு வைரஸ் மெயில் வந்தா, சப்ளையர் லிஸ்ட்லேருந்து எடுத்துடுவேன், மேடம்." சித்ரா ஏற்கெனவே ஒரு கழிப்பு செய்துவிட்டாள். அதன் பிறகு மடல்கள் இரு மடங்காயின. எனவே, இப்போது இரட்டைக் கழிப்புக்கு நாள் கேட்டு வந்திருந்தாள். மருந்தால் நோய் வளர்ந்தால் மருந்தை ஐயுறுவது மாட்டுக்கும் தெரியும்.

நாள் அடுத்த செவ்வாய்க்குக் கிடைத்தது. பட்டறைக்குத் திரும்பியவளிடம் கடிதம் கொடுக்க வந்தாள் தபால்காரி ஜெபா. கதையைக் கேட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"எங்க ஆபீசுக்கு தினம் கட்டுக்கட்டா கடுதாசி திரும்பி வருது, சித்ரா. ஆள் இல்ல, வீடு மாறிட்டாங்க, விலாசம் தப்பு. ஒரு பேயும் வந்து கையெழுத்துப் போட்டதில்ல."

"நான் எழுதவே இல்லையே, ஜெபா."

"உன் பேர்ல ஒருத்தன் எழுதுறான். அதுக்கு உன் கடவுச்சொல் வேணும். யார்கிட்ட குடுத்தே?"

"யாருக்கும் குடுக்கல. கலயத்துலதான் போட்டேன்."

"கலயத்துக்குக் கை கீதா?" என்றாள் வாஷர் வார்க்கும் இயந்திரத்தருகே நின்ற பட்டறைத் தொழிலாளி கன்னியம்மா.

"இப்பவே மாத்து" என்றாள் ஜெபா. சித்ரா மறுத்தாள். ஆவி சினந்து பட்டறைப் பெண்களுக்கு ஏதேனும் நேர்ந்தால்? அச்சம் புகுந்த வீட்டில் வாதம் நுழையாது. எனவே, ஜெபா வாதாடவில்லை.

அங்கேயே தன் கைபேசியில் புதிய மின்னஞ்சல் கணக்கொன்றைத் தொடங்கினாள். பெயர் துலுக்கானம். அப்படி ஓர் ஆள் இல்லை. அவனுடைய முகவரிப் பட்டியலில் இரண்டே முகவரிகள்: ஒன்று ஜெபாவுடையது, மற்றது உலகில் எங்குமே இல்லாதது. கடவுச்சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டாள். அன்று மாலையே மாடியேறி, தம்பிக்குக் கழிப்பு என்று சொல்லி, வேறெங்கும் எழுதாத அந்தக் கடவுச்சொல்லை ஒரு வெற்றிலையில் மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை துலுக்கானம் மடல் எழுதினான். பிறவாதவன் 'அவசர ரசீது' என்று ஓர் இணைப்போடு ஜெபாவுக்கு அனுப்பியிருந்தான். அவள் அதைத் திறக்கவில்லை. இல்லாத முகவரிக்கு அனுப்பியது முறைப்படி அவன் கணக்குக்கே திரும்பி வந்திருந்தது.

செவ்வாய் காலை ராகேஷ் அழைத்தார். "மறுபடியும் வந்திருக்கு, மேடம். பன்னெண்டு மணிக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லன்னா உங்க பேரு இருக்காது." சித்ரா உடனே ஜெபாவுக்குச் சொல்லியனுப்பினாள். ஜெபா அவளையும் கன்னியம்மாவையும் அழைத்துக்கொண்டு மாடியேறினாள்.

கூடத்தில் எல்லோரும் கைபேசியை அணைத்திருந்தார்கள்; ஆவிக்கு அலைவரிசை ஆகாதாம். ஜெபா அணைக்கவில்லை.

"சாமி, என் தம்பி துலுக்கானத்துக்கு இன்னும் மெயில் திரும்பி வருது."

சித்தர் கண்களை மூடினார். "மூர்க்கமான ஆவிம்மா. அவனோட செத்துப்போன பெரியப்பா. சொத்துத் தகராறு."

"அவனுக்குப் பெரியப்பா கிடையாது சாமி. அவனே கிடையாது. நான் போன வாரம் உண்டாக்கின பேரு அது."

சித்தர் கண்களைத் திறந்தார்.

"கலயத்து முத்திரை அப்படியே கீது, பார்த்துக்க."

"அப்ப அந்தக் கடவுச்சொல் தெரிஞ்சது எனக்கும் கலயத்துக்கும்தான். மெயில் அனுப்பினது யாரு?"

"ஆவிக்குத் தெரியாதது உண்டா?"

"சரி. அந்தக் கணக்கை வேற ஒரு போன்ல திறந்திருக்காங்கன்னு இதுல காட்டுது. காணாமப்போன போனை மணி அடிக்கவைக்கிற வசதியும் இருக்கு. ஆவியோட போன் எங்க இருக்குன்னு பார்த்துடலாம்."

ஜெபா திரையைத் தொட்டாள். சித்தர் அமர்ந்திருந்த மணைப்பலகைக்கு அடியிலிருந்து, உச்சக் குரலில், ஒரு கைபேசி அலறத் தொடங்கியது. சித்தர் பலகையை இன்னும் அழுத்தி அமர்ந்தார்.

"எந்திரி நைனா" என்றாள் கன்னியம்மா. "உன் பெரியப்பா கூப்புடுறாரு."

"அது... சும்மா டைம் பாக்க வச்சிருந்தேன்மா."

கன்னியம்மா பலகையை இழுத்தாள். கைபேசியின் திரையில் துலுக்கானம் இருந்தான். அவனுக்குக் கீழே சித்ரா, விஷ்ணு, விஷ்ணுவின் மனைவி, இன்னும் பலர். ஆரம்பத்தில் வந்த நாலைந்து பேர் எதையோ திறந்து தாமே நோயை வாங்கியவர்கள். மற்றவர்களுக்கு அதை அனுப்பியவர் சித்தர். ஒருவர் இலை தந்தால், அவருடைய நண்பர்கள் அத்தனை பேரும் அடுத்த செவ்வாய் வரிசையில் நிற்பார்கள். வைத்தியரே கிருமி வளர்த்தார்.

சித்ரா அந்தத் திரையைப் படமெடுத்து ராகேஷுக்கு அனுப்பினாள். அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"நீங்களே எழுதிக் குடுத்தீங்களா, மேடம்?"

"ஆமா சார். என் கையாலதான்."

"முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க. அந்த ஃபைலை நாங்க திறக்கல. பேரு இருக்கட்டும். ஆனா ஆறு மாசத்துக்குப் பில்லெல்லாம் நேர்ல கொண்டுவந்து குடுங்க."

தண்டனை நியாயமானது. சித்ரா அந்தக் கூடத்திலேயே நின்று கடவுச்சொல்லை மாற்றினாள். எந்த ஆவியும் சினக்கவில்லை. ஜெபா அழைத்த காவலர்கள் வந்து தினகரனைப் படியிறக்கும்போது வரிசை ஒதுங்கி வழிவிட்டது. ஒரு பெண்மணி பழக்கத்தில் கைகூப்பினார்.

விஷ்ணு ஜெபாவின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "இவன் டூப்ளிகேட்னு எனக்கு அப்பவே டவுட்டுக்கா. ஆவடியில ஒருத்தர் இருக்காராம். அவர் ஒரிஜினலாம்."

"போ கண்ணு" என்றாள் கன்னியம்மா. "போறப்ப பொண்டாட்டியோடதையும் எழுதி எடுத்துக்கினு போ."

ஆவடிக்குப் பேருந்து அடிக்கடி உண்டு; விரும்புவோர் போகலாம். உங்கள் கடவுச்சொல்லைக் கேட்பவன் சித்தனோ, அதிகாரியோ, ஆருயிர் நண்பனோ, அவனைத் திருப்பிக் கேட்க இரண்டே சொற்கள் போதும்: 'உனக்கு எதற்கு?' அந்த இரண்டு சொற்களைக் கேட்க வாய் வராதவர்களைத்தான் இந்த ஊரில் பேய் பிடிக்கிறது.