மூன்று மோட்டாரும் ஒரு தூணும்

இது ஒரே வாரத்தில் நடந்தது என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்யமாட்டேன். மெக்கானிக் சொன்னது பாதி, தபால்காரர் சொன்னது பாதி, இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த இடங்களை நானே நிரப்பிக்கொண்டது மீதி. பாதியும் பாதியும் போக மீதி ஏது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மோட்டார்களின் நிறம்கூட எனக்குள் மாறியிருக்கலாம். ஆனால் மூன்றும் நின்ற இடத்தில் சந்தேகம் கிடையாது.

முதலாவது, நீல மோட்டார், திங்கட்கிழமை காலை நடு ஆற்றில் நின்றது.

படகில் மூன்று பேர். பின்பக்கம் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தபடி படகுக்காரர். அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். செருப்பு வாங்கக் கிளம்பினால் நாலு கடை ஏறி, நாற்பது ஜோடி போட்டுப் பார்த்து, கடைசியில் பழையதைத் தைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர். முன்பலகையில் தபால்காரர், பையோடு. நடுவில், முகத்தைப் பின்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்த நர்ஸ். முன்னால் பார்த்தால் அவளுக்கு வாந்தி வரும். பின்னால் பார்த்தாலும் வரும், கொஞ்சம் தாமதமாக. அதனால் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கரை சேரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"என்ன தம்பி, நின்னுடுச்சா, நிறுத்திட்டீங்களா?" என்றார் தபால்காரர்.

"நின்னுடுச்சு."

"பழசு நின்னா கிழடுன்னு சொல்லலாம். புதுசும் நின்னா நம்மளத்தான் சொல்லணும்."

படகு மெல்ல நகர்ந்து, ஆற்றின் நடுவில் நின்ற தூணில் தோளை உரசியது. சிமென்டுத் தூண். தண்ணீர் மட்டம் பார்க்க அந்தக் காலத்தில் நட்டது. எண்கள் பாதி அழிந்துவிட்டன. ஏறி இறங்க இரும்புப் படிகள் உண்டு, ஏறத்தான் ஆளில்லை. தினம் அளவு பார்த்து எழுதிய கடைசி மனிதர் ஒரு வெள்ளத்தில் போனார். அவரோடு அந்த வேலையும் போயிற்று.

ஏழெட்டு நிமிடம் படகு தூணை ஒட்டியே நின்றது. பிறகு நிதானம் கயிற்றை ஒரு இழு இழுத்தார். ஒன்றுமே நடக்காததுபோல நீலம் ஓடியது.

இதில் விஷயம் என்னவென்றால், அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரி தன் ஆட்களையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிவர நிரந்தரமாக ஒரு படகு தேடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வந்து நிதானத்தின் படகில் ஏறுவார். எங்கும் நிற்காமல் பதினைந்து நிமிடத்தில் அக்கரை சேர்ந்தால் வேலை நிதானத்துக்கு. இல்லாவிட்டால் கீழ்த்துறையில் கூரை போட்ட பெரிய படகு வைத்திருப்பவனுக்கு. அவன் வந்துவிட்டால் தபால்காரர்கூட இந்தப் பக்கம் திரும்பமாட்டார். நிதானத்துக்குப் படகும் நீச்சலும் தவிர வேறு எதுவும் தெரியாது. நீச்சலும் சுமார்தான்.

பழைய மோட்டார், 'கிழவன்', மாமனார் கொடுத்தது. தலைமேலேயே தன் டேங்கைச் சுமந்துகொண்டு பதினெட்டு வருஷம் ஓடியது. மாமனாருக்குப் பேச்சு குறைவு. கிழவனை ஒப்படைத்த அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தூணுக்கிட்ட கொஞ்சம் நிறுத்திட்டுப் போங்க மாப்பிள்ளை." மோட்டார் சூடாகும், ஆறவிடத்தான் சொல்கிறார் என்று நிதானம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும், காலை முதல் நடையில், தூணருகே நிறுத்தி, சுண்டுவிரலால் கிழவனின் தலையைத் தொட்டுப் பார்த்து, பிறகு கிளம்புவார். வழியில் நிறுத்தி ஆறவிட வேண்டிய மோட்டார் இனி ஆகாது என்றுதான் இப்போது புதிது தேடினார்.

மெக்கானிக் மூன்றைக் காட்டினான். கூடவே தனியாக ஒரு சிவப்புப் பெட்ரோல் டேங்கும் குழாயும் கொடுத்தான்.

"ஆளுக்கு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கண்ணே. பிடிச்சதை வச்சுக்கங்க. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள பிடிச்சாகணும். உங்க வேகத்துல பார்த்தா என் பிள்ளை வந்துதான் உங்ககிட்ட பதில் வாங்கணும்."

நிதானம் ஒரு நோட்டு போட்டார். கயிறு எத்தனை இழு, சத்தம், புகை, கனம், பெட்ரோல் என்று கட்டம் கட்டி மார்க் போட்டார். திங்கள் மாலை நீலத்துக்கு எழுதியது: 'ஒரே இழுவில் எழும். ஒருவர் தூக்கலாம். புகை அதிகம். கத்தும். தூணருகே நின்றது.'

செவ்வாய்க்கிழமை கறுப்பை மாட்டினார். கறுப்பை இரண்டு பேர் தூக்க வேண்டும். ஆனால் குரல் கட்டை, நல்ல இழுவை. பிளக், பெட்ரோல் எல்லாம் புதிது. முன்ஜாக்கிரதையாகத் தூணுக்கு வெகு தூரத்தில் வளைத்து ஓட்டினார்.

கறுப்பும் நின்றது. நீரோட்டம் படகை நிதானமாக, வழி தெரிந்ததுபோல, தூணிடமே கொண்டுவந்து சேர்த்தது.

"சுத்தி வந்து தொடுறதுக்கு நேராவே வந்திருக்கலாமே தம்பி," என்றார் தபால்காரர்.

நர்ஸ் கைக்குட்டைக்கு மேலே கண்களை மட்டும் உயர்த்தி, நிதானத்தின் பக்கம் பார்த்துத் தலையசைத்தாள். மரியாதையான பெண், இந்த நிலைமையிலும் வணக்கம் சொல்கிறாள் என்று நிதானம் நினைத்தார். பதிலுக்கு அவரும் தலையசைத்தார்.

புதன்கிழமை சாம்பல் நிறம். அதைத்தான் நிதானத்துக்குப் பிடித்துப்போயிற்று. சாம்பல் மோட்டார் ஓடுகிறதா என்று கைவைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் பலகையைத் தட்டுவது கேட்கும். பதினெட்டு வருஷமாக இங்கே படகு ஓட்டியும் ஆற்றின் குரலை நிதானம் கேட்டதே இல்லை. அன்று கேட்டார். கிளம்பும்போது, காலுக்கருகே, கிரீச் என்று ஏதோ திரும்பும் சத்தமும் கேட்டது. 'பலகையா?' என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

சாம்பலும் நின்றது. மற்ற இரண்டும் நின்றபோது காது இரைந்துகொண்டே இருந்தது. இது நின்றபோது இரைச்சல் என்று எதுவும் மிஞ்சவில்லை. அந்த மௌனத்தில் தூணின் இரும்புப் படிகளில் ஏதோ சொட்டியது. கீழ்ப்படியில் ஒரு முறை, அதற்கு மேல்படியில் ஒரு முறை.

அன்று நர்ஸ் அரைமணி தாமதம். "வெள்ளிக்கிழமையும் இப்படின்னா அதிகாரி கீழ்த்துறைப் படகுக்குத்தான் கையெழுத்துப் போடுவார்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

மனைவி நோட்டை வாங்கிப் படித்தாள். "மூணுக்கும் மார்க் போட்டிருக்கீங்க. கிழவனுக்கு எங்க?"

"அதைத்தான் கழட்டியாச்சே."

"அதான். பதினெட்டு வருஷம் உழைச்சதைச் சாக்குப் போட்டு மூடி மூலையில வச்சா அதுக்கு மனசு இருக்காதா? நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. மாட்ட வேணாம். சும்மா உக்காத்தி வைங்க."

"மோட்டாரைப் பயணியாவா?"

"நீங்க வேற ஏதாவது யோசிங்க. அடுத்த மாசத்துக்குள்ள சொல்லுங்க."

வியாழக்கிழமை கிழவன் நடுப்பலகையில் நர்ஸுக்கு அருகே உட்கார்ந்தான். கனத்தில் படகு தாழ்ந்தது. தபால்காரர் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஆக, இன்னைக்கு நாலு பேர்," என்றார்.

நர்ஸ் இல்லை என்று தலையாட்டி, ஐந்து விரலை விரித்துக் காட்டினாள்.

"அஞ்சு நிமிஷத்துல போகணுமாம். அவசரத்தைப் பாருங்க," என்றார் தபால்காரர்.

அன்று சாம்பல் நின்றபோது கனத்தால் படகு தூணில் மோதி, தண்ணீர் உள்ளே ஏறி, தபால்காரரின் காலுறை நனைந்தது. கிழவனை மாட்டி ஓட்டலாம் என்றால் அதில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. தூக்க எளிதாக இருக்கட்டும் என்று நிதானமே முந்தின நாள் வடித்திருந்தார்.

மத்தியானம் மெக்கானிக் கரைக்கு வந்தான். மோட்டாரை ஏறிட்டும் பார்க்கவில்லை. குனிந்து சிவப்பு டேங்கின் மூடியைப் பார்த்தான். சிரித்தான்.

"அண்ணே, மூணு மோட்டாரை மாத்தினீங்க. டேங்கை மாத்தினீங்களா?"

"இல்லை."

"இந்த மூடி நடுவுல சின்னத் திருகு இருக்கே, இது காத்து போற வழி. இதை மூடிட்டா கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் உள்ள காத்து இல்லாம பெட்ரோல் வராது, நின்னுடும். சும்மா விட்டா மெல்லக் கசிஞ்சு காத்து ஏறும். மறுபடி ஓடும்."

"ஒரே இடத்துல எப்படி நிக்கும்?"

"ஒரே இடம் இல்ல, ஒரே நேரம். எந்த மோட்டாரைக் கொடுத்தாலும் நீங்க ஒரே வேகத்துலதானே ஓட்டுவீங்க."

"திரும்பி வரும்போது நிக்கலையே?"

"அக்கரையில பெட்ரோல் ஊத்திட்டு மூடியை லேசா வச்சுட்டு வர்றீங்கல்ல? காத்து அந்த வழியா உள்ள போயிடும். ராத்திரி வீட்டுல வைக்கும்போதுதான் இறுக்கி மூடுவீங்க." மெக்கானிக் திருகைத் தொட்டுப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "இவ்வளவு இறுக்கி மூடினது யாரு? நான் திறந்துதானே கொடுத்தேன்?"

நிதானம் வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டார். டேங்க் ராத்திரியில் வீட்டின் பின்கட்டில்தான் இருக்கும்.

"அதை நான் கையால தொட்டதில்ல. அந்த வாசனைக்கு எனக்குத் தலைவலி. கதவு பூட்டியாச்சான்னு ராத்திரி மூணு தடவை எழுந்து பாக்குறது யாரு? அப்படியே திருகையும் மூடிட்டு வந்திருப்பீங்க."

அப்படி ஒரு திருகு இருப்பதே அவருக்கு இன்றுதான் தெரியும். ஆனால் அதை மனைவியிடம் சொல்லவில்லை. தன்மேல் பழி விழுந்தால் விஷயம் முடிந்துவிடும் என்று தோன்றியது. முடியட்டும் என்றும் தோன்றியது.

மெக்கானிக் திருகையே பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மூட முடியாதபடி துளையைப் பெரிதாக்கினான். "இனி யாரு நினைச்சாலும் நிறுத்த முடியாது," என்றான்.

வெள்ளிக்கிழமை அதிகாரி ஏறினார். கையில் கடிகாரம், மடியில் காகிதம். கிளம்பும்போது கிரீச் சத்தம் வரவில்லை. காலருகே எதையோ தடவித் தேடுவதுபோல ஒரு சலசலப்பு. நிதானம் குனிந்து பார்க்கவில்லை. பின்பக்கம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்ததைத் தன் பயத்தின் கனம் என்று நினைத்துக்கொண்டார்.

தூண் வந்தது. சாம்பல் அதே மெல்லிய குரலில் ஓடியது. நர்ஸ் சட்டென்று நிமிர்ந்து, ஒரு கையால் வாயைப் பொத்தியபடி, மறு கையால் தூணைக் காட்டினாள். பிறகு நிதானத்தின் பக்கம் காட்டினாள். மறுபடி தூணைக் காட்டினாள்.

"என்னவாம்?" என்றார் அதிகாரி.

"தூணு பின்னால போகுதுன்னு ஆச்சரியப்படுறாங்க," என்றார் தபால்காரர். "எங்களுக்கே புதுசுதான் சார்."

பதினாலு நிமிடம். அதிகாரி கரையில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிதானம் சாம்பலை வைத்துக்கொண்டார். நோட்டில் அதற்குப் பத்துக்கு ஒன்பது, கத்தாததற்காக. நீலமும் கறுப்பும் கடைக்குத் திரும்பி, வேறு ஆறுகளில் ஒழுங்காக ஓடுகின்றன. கிழவன் பின்கட்டில் சாக்கு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். தபால்காரர் அந்த வருஷமே ஓய்வு பெற்று, கேட்பவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். கூரைப் படகுக்காரன் கூரையைப் பிரித்து விற்றான். மெக்கானிக் இப்போது எந்த டேங்க் கொடுத்தாலும் திருகை இரண்டு முறை பார்க்கிறான். நிதானத்தின் வீட்டில் சண்டை சச்சரவு இல்லை, ஒன்றைத் தவிர: வாசல் மிதியடி தினம் ஈரமாகிறது, பின்கட்டு நாற்காலியும். மனைவி அவரைத் திட்டுகிறாள். அவர் கால் துடைத்துவிட்டுத்தான் வருவதாகச் சொல்கிறார்.

நர்ஸுக்கு அடுத்த மாதமே மாற்றல் வந்தது. கடைசி நாள் சாயங்காலம் இக்கரையில் இறங்கி, முதல்முறையாகக் கைக்குட்டை இல்லாமல் நிதானத்திடம் பேசினாள்.

"போயிட்டு வரேண்ணா. நல்லாப் பார்த்துக்கிட்டீங்க. அந்த அளவு பார்க்கிறவர்கிட்டயும் சொல்லிடுங்க."

"எந்த அளவு பார்க்கிறவர்?"

"அதாங்க, உங்க பக்கத்துல டேங்க் மேல கை வச்சுக்கிட்டு உக்காருவாரே, அவர்தான். முன்னெல்லாம் நீங்க நிறுத்தினதும் தூண்ல இறங்கிப் போயிடுவார். இப்ப நீங்க நிறுத்துறதே இல்லையா, பாவம், தினம் சாயங்காலம் உங்க பின்னாடியே உங்க வீட்டுக்கு நடந்து வர்றார்."