இரண்டு வீட்டுச் சாமிக்கும் நாலே கம்பி

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த சிவநேசன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா லோகேஸ்வரியின் மகள் தாமரை வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அப்பாவின் வலது கைக் கட்டைவிரலைத் தவிர எல்லாரும் சுகம். கிள்ளானில் நீங்களும், உங்கள் மரப்பட்டறையும், அதில் உள்ள எல்லா மெஷின்களும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை புதுவீட்டுப் பூசை முடிந்து அம்மா அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "நான் செஞ்ச சாமி மேடை சுவத்துல அழகா உக்காந்திருக்கு, யாரு மாட்டுனா?" என்று கேட்டிருந்தீர்கள். அம்மா பதிலுக்குக் கை கூப்புற பொம்மை மட்டும் அனுப்பினாங்க. அப்புறம் நீங்கள் போன் செய்தீர்கள். எடுத்தது நான்தான். "ம்" என்று சொல்லி வைத்ததும் நான்தான். மன்னிக்கவும். போனில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காகிதம் என் முகத்தைத் திரும்பிப் பார்க்காது. அதனால் நடந்ததை எழுதி, உங்கள் ட்ரில்லோடு அப்பாவோடு வேலை செய்யும் கிஷன் அண்ணன் லோரியில் அனுப்புகிறேன்.

மாட்டியது நான். அதற்குப் பின்னால் ஒரு பந்தயம் இருக்கிறது. எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்ற பயத்தில் பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டேன், அதனால் நாளை திங்கட்கிழமை முதல் மஸ்ஜித் இந்தியா தெருவில் ஜரீனா அக்காவின் துணிக்கடையில் வேலை என்று அப்பா பேசி முடித்துவிட்டார். அங்கே வேலை என்ன தெரியுமா மாமா? வாசலில் நின்று, "வாங்கக்கா, வாங்க, உள்ளே வந்து பாருங்க" என்று தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிடணும். நான்! எனக்கு உங்கள் பட்டறைக்குத்தான் வரணும். அறுக்கிற மெஷின் ஓடினால் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. சொர்க்கம் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதை அம்மா என் சார்பில் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டு, "பூசைக்குள்ள அந்தச் சாமி மேடையை ஒழுங்கா மாட்டிக் காட்டட்டும், அப்புறம் மச்சான்கிட்ட நானே பேசுறேன்" என்றார்.

ஆனாலும் முதலில் அப்பாதான் முயற்சி செய்தார். பந்திங்கில் எங்கள் பழைய வீடு பலகை வீடு. ஆணி வைத்து ரெண்டு தட்டு தட்டினால் காலண்டரும் தொங்கும், அப்பாவின் சட்டையும் தொங்கும். அதே நம்பிக்கையில் இந்த ஏழாவது மாடிச் சுவரில் ஆணி அடித்தார். பதினோரு ஆணி கொக்கி மாதிரி வளைந்தது. பன்னிரண்டாவது ஆணி பறந்துபோய் ரசத்தில் விழுந்தது. பதிமூன்றாவதுக்குப் பதில் கட்டைவிரல். அப்பா கட்டுப் போட்டுக்கொண்டு போர்ட்டுக்கு லோரி ஓட்டப் போய்விட்டார்.

வியாழக்கிழமை நான் ஆரம்பித்தேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன் மாமா, சாமி சத்தியமா. மேடை கிழக்குப் பார்க்கணும், அதற்கு இருப்பது ஒரே சுவர்தான். தட்டித் தட்டிக் காது வைத்துத் தண்ணிக் குழாய், கரண்டு வயர் இல்லாத இடம் பார்த்தேன். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டேன். தூசி விழ ஒரு கடித உறையை மடித்து ஓட்டைக்குக் கீழே ஒட்டினேன். ரெண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று ட்ரில்லின் துளைக்கும் பிட்டில் சிவப்பு டேப் சுற்றினேன். டேப் சுவரைத் தொடும்போது நிறுத்தணும், அவ்வளவுதானே? ஆனால் அந்த டேப் சரியாக ஒட்டவில்லை. சுவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டது. நான் ஒரு அங்குலம் போனால் அதுவும் ஒரு அங்குலம் பின்வாங்குது. கூச்ச சுபாவத்தில் அது என் கூடப் பிறந்தது மாதிரி. (டேப்பின் நுனியைச் சின்ன வால் மாதிரி நீட்டிவிட்டால், வால் தூசியைப் பெருக்கும்போது நிறுத்தலாம் என்று இப்போது தெரியும். பட்டறைக்குப் புதுசா வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.) திடீரென்று சுவர் விட்டுக்கொடுத்தது. ட்ரில் கழுத்து வரைக்கும் உள்ளே போய்விட்டது. நிறுத்தி வெளியே இழுத்தேன். சிமெண்டுத் தூசி வரவேண்டிய இடத்தில் ஈரமா ஏதோ மஞ்சளாய் வந்தது. முகர்ந்து பார்த்தால் ஆரஞ்சு வாசம்.

ரெண்டு நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு வோங் ஆன்டி. பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், ஆனால் எல்லாரையும் வா போ தான். கையில் நடுவில் ஓட்டை விழுந்த ஒரு ஆரஞ்சு.

"தங்காச்சி, உன் சாமி என் சாமி ஆரஞ்சை சாப்பிட்டான் லா!"

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அம்மாதான் கும்பிட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாங்க. விஷயம் என்னவென்றால் மாமா, சுவருக்கு இந்தப் பக்கம் நம் மேடை, அந்தப் பக்கம் சரியாக அதே உயரத்தில் ஆன்டி வீட்டுச் சாமி மேடை. பிட் வெளியே வந்த இடத்தில் படைத்த பழம். "ஆரஞ்சு சுத்துது, ஃபேன் மாதிரி சுத்துது! நான் நினைச்சேன், அற்புதம்!" என்று ஆன்டி கையைச் சுழற்றிக் காட்டினார். கோபமே இல்லை. ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்து நம் வீட்டைப் பார்த்து, "ஓ, மயில் சாமி" என்றார்.

அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். பாவம், ஆன்டியின் மேடை ஒரே ஆணியிலும் மடித்துச் செருகிய பேப்பரிலும் நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. வாய் வரவில்லை. பூசை அழைப்பிதழின் பின்னால் வரைந்து காட்டினேன்: முழு நீளத்துக்கும் மறை வெட்டிய நாலு கம்பி, சுவருக்குள் குறுக்கே போகும், ரெண்டு பக்கமும் வாஷர், ரெண்டு பக்கமும் நட்டு. ஒரே கம்பியில் அவர் சாமியும் தொங்கும், நம் சாமியும் தொங்கும். ஆன்டி படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்ட்ராங் லா, இது. வீட்டு ஓனர் கேட்டா நான் பாத்துக்கறேன். உன் வீட்டு ஓனர் என் தம்பி."

அப்புறம்தான் கஷ்டம். ஆன்டி தன் சாமியிடம் அனுமதி கேட்க ரெண்டு மரத்துண்டைத் தரையில் போட்டார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால்தான் அனுமதி. கிடைக்கவில்லை. மறுபடியும் போட்டார். கிடைக்கவில்லை. மூணாவது தடவை கிடைத்தபோது மணி ஒன்று இருபது. இந்தப் பக்கம் அம்மா, "ஒன்றரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குதுடி, அதுக்குள்ள ஓட்டையைப் போட்டு முடி" என்கிறாங்க. பத்து நிமிஷத்தில் மூணு ஓட்டை மாமா! உங்கள் ஆட்கள் யாராவது போட்டிருப்பார்களா?

ராகு காலத்தில் ஹார்ட்வேர் கடைக்குப் போய் (படத்தை நீட்டினேன், பேசவில்லை) கம்பி வாங்கி, இரும்பு ரம்பத்தால் அளவுக்கு வெட்டினேன். ஓட்டைத் தூசியை ஸ்ட்ரா வைத்து ஊதினேன். மூணு மணிக்கு மேல் முடுக்க ஆரம்பித்தோம். இந்தப் பக்கம் நட்டைத் திருகினால் கம்பியும் சேர்ந்து சுத்துகிறது. அந்தப் பக்கம் ஒரு ஆள் ஸ்பேனரால் பிடிக்கணும். ஆன்டி பிடித்தார். சுவரை ஒரு தட்டு தட்டினால் முடுக்கு, ரெண்டு தட்டு என்றால் நிறுத்து. டொக். டொக் டொக். டொக். ஒரு மணி நேரம் இப்படியே. என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் யாரோடும் நான் பேசியதில்லை மாமா.

வெள்ளிக்கிழமை பூசை. பந்திங்கிலிருந்து அப்பாவின் அக்கா தங்கமணி அத்தை பஸ் பிடித்து வந்துவிட்டாங்க. உள்ளே வந்ததும் மேடையைப் பார்த்து, "யாரு மாட்டுனா? இவளா? பேசவே தெரியாத பிள்ளைக்கு ஆணி அடிக்கத் தெரிஞ்சிருக்குமா? ஆடுதா பாப்போம்" என்று ரெண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாங்க. நம் மேடை ஆடவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஏதோ மணி உருண்ட சத்தம் கேட்டது, அதோடு முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்:

"ஓய்! பெலான் பெலான் லா!"

அத்தை அப்படியே தரையில் விழுந்துவிட்டாங்க. மயக்கம் இல்லை, நமஸ்காரம். "முருகா! மெதுவா, மெதுவான்னு சொல்றான்! மலாயில சொல்றான்!" பூசை செய்ய வந்த ஐயர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அவருக்கு எல்லா மொழியும் தெரியும்மா" என்று இன்னொரு கற்பூரம் ஏற்றினார். சிரிப்பை அடக்க முடியாமல், எனக்கு முந்தானை இல்லாததால், அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

சிரிக்காதவர் அப்பா ஒருத்தர்தான். பூசை முடிந்ததும் மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தார். நட்டைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கேயும் நட்டைப் பார்த்தார். திரும்பி வந்து, "அடுத்த வீட்டுச் சாமிக்குள்ள ஓட்டை போட்டுட்டு வந்திருக்க. ஒழுங்கா மாட்டிக் காட்டுன்னு சொன்னேன். இது ஒழுங்கா? திங்கக்கிழமை ஜரீனா கடை" என்றார்.

அதனால் மாமா, நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்பா சொன்னது சரி. ட்ரில், பிட், ரசமட்டம் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இனி எந்தச் சுவரிலும் கை வைக்க மாட்டேன். எனக்காக அப்பாவிடம் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நேற்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று "வாங்கக்கா" பழகுகிறேன். "வா" வரைக்கும் வந்துவிட்டது. பட்டறையில் எல்லாருக்கும் என் வணக்கம். உங்கள் கை விரல் பத்தும் எப்போதும் பத்தாகவே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்,
தாமரை.

பின்குறிப்பு: பெட்டியைத் திறந்து ட்ரில்லைத் தேடாதீர்கள், உள்ளே ஆரஞ்சு. மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்தபோது அப்பா மேடையைக் கழற்றி ஒழுங்கா மாட்டுகிறேன் என்று ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டைத் தளர்த்தினார். உடனே சுவரில் டொக் டொக். அப்பா, யாரோ கதவைத் தட்டுறாங்க என்று நினைத்து மரியாதைக்கு ஒரு தட்டு திருப்பித் தட்டினார். ஒரு தட்டு என்றால் முடுக்கு. ஆன்டி முடுக்கினார், அப்பா தளர்த்தினார், ரெண்டு சாமியும் நடுவில் தவித்தது. நான் ஓடிப்போய் ஸ்பேனரைப் பிடுங்கி, "அப்பா விடுங்க! மேல் நட்டை முதல்ல பிடிக்கணும், இது உங்களுக்குத் தெரியாது!" என்று கத்திவிட்டேன். நானா கத்தினேன் என்று நானே திரும்பிப் பார்த்தேன். ஆன்டி ஆரஞ்சுக் கூடையோடு வந்து வாசலில் நின்று, "என் சாமியை தங்காச்சி மட்டும்தான் தொடணும். மாசம் ஒரு தரம் முடுக்கணும். சமையல்கட்டுக் கதவும் பாக்கணும், நாலாவது மாடி லீ ஆன்டி வீட்டுலயும் மேடை ஆடுது" என்றார். அப்பா தன் கட்டைவிரலைப் பார்த்தார். அப்புறம், "இவ்வளவு சத்தமா ஜரீனா கடையில கத்துனாப் போதும்" என்று சொல்லி அவரே சிரித்துவிட்டு, "சரி, பட்டறைக்கே போ, மச்சான்கிட்ட நானே பேசுறேன்" என்றார். நாளை காலை ஏழு மணிக் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளான் வருகிறேன். ட்ரில்லை நானே கொண்டு வருவேன், அதுவரைக்கும் லீ ஆன்டி வீட்டில் வேலை இருக்கிறது. கிஷன் அண்ணன் கீழே ஹாரன் அடிக்கிறார், டொக் டொக்.