அண்டங்காக்கைக்கு ஆதரவாக ஒரு கருத்தரங்கம்

ஒரு காட்டில் சிங்கத்துக்கு வயதாகி வேட்டை சரிப்படாமல் போனதால், அது ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. அங்கே நிறப்பாகுபாட்டைப் பற்றிப் பாடம் நடத்தியவர் பேராசிரியர் நீலமேகம். ஊர்க்காக்கை. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்து மட்டும் சாம்பல். அந்தக் கழுத்தின்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். மகனுக்குப் பெண் தேடும்போதுகூட, "படிப்பு முன்னப்பின்ன இருக்கலாம், கழுத்து வெளுப்பா இருக்கணும்" என்றுதான் தரகரிடம் சொல்லி வைத்திருந்தார். மற்றபடி முற்போக்கானவர்.

ஒருநாள் அபேனா என்ற அண்டங்காக்கை அவரைத் தேடி வந்தாள். கடல் தாண்டி வந்து படிப்பவள். கழுத்து உட்பட முழுக் கறுப்பு.

"சார், நூலக வாசல்ல இருக்கிற நாய் என்னை மட்டும் உள்ள விடறதில்ல. 'எச்சில் இலை பின்பக்கம் கிடக்கு, அங்க போ'ன்னு விரட்டுது. இந்த மாசத்துக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கலேன்னா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க. நீங்க நாய்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பறவைக்கு எதற்கு வாசல் என்று கேட்பீர்கள். மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பறந்து போனால் அவசரம் என்பார்கள். அவள் போனால் திருட்டு என்பார்கள்.

நீலமேகத்துக்கு ரத்தம் கொதித்தது. நிஜமாகவே கொதித்தது, அதில் குறை சொல்ல முடியாது. கொதித்த சூட்டோடு ஒரு குழு போட்டார்.

"வெளிய தெரிஞ்சா நம்ம மானம் கப்பலேறிடும்," என்றது மயில்.

"நம்ம காட்டுல ஏதுங்க நிறவெறி? அமாவாசையானா எங்க வீட்ல காக்கைக்குத்தான் முதல் சோறு," என்றது கிளி. சோறு தீர்ந்ததும் கையை ஓங்கி விரட்டுவதை அது சொல்லவில்லை.

கடைசியில் நூலக அரங்கில் ஒரு கருத்தரங்கம் நடத்துவது என்று முடிவாயிற்று. வரவேற்புரை, போண்டா, தீர்மானம் எல்லாம் உண்டு. சிறப்புப் பேச்சாளர் அபேனா.

அன்றைக்கும் நாய் அவளை வாசலில் மறித்தது.

"சுவரொட்டியில இருக்கிறது நான்தான்," என்றாள்.

"உங்க ஆளுங்க எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கீங்க," என்றது நாய்.

சத்தம் கேட்டு நீலமேகம் வெளியே வந்தார். சொல்லிவிடுவது என்றே வாயைத் திறந்தார். நாய் அவரை மேலும் கீழும் பார்த்தது. கழுத்தைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. அந்த வால் நின்றுவிட்டால் தன் கதி என்ன என்று கணக்குப் போட்டார்.

"கொஞ்சம் பொறும்மா, கூட்டம் முடியட்டும்," என்றார் அபேனாவிடம்.

"நாய் குரைக்கிறது எனக்குப் புரியுது சார். நீங்க சும்மா நிக்கிறதுதான் புரியல."

அவர் உள்ளே போனார். மேடையில் அவளுக்காகப் போட்டிருந்த நாற்காலியைக் காட்டி, "இது ஏன் காலியாக இருக்கிறது, தோழர்களே?" என்று தழுதழுத்தார். அரங்கமே அழுதது.

மாதக் கடைசியில் அபேனா ஆய்வேடு இல்லாமல் கடல் தாண்டிப் போனாள். நீலமேகத்துக்கு இப்போது பல காடுகளிலிருந்தும் அழைப்பு. போகிற இடத்திலெல்லாம் ஒரு காலி நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

நீதி: அநியாயத்தைக் கண்டால் பொங்கி எழு. எழுந்ததும் நேராக மேடைக்குப் போ. வாசல் பக்கம் மட்டும் போய்விடாதே, அங்கே நாய் இருக்கிறது.